கண்காட்சிக்கு காசு உண்டு, கரன்ட் பில்லுக்கு இல்லை! புகைப்பட மையங்களின் ‘கிராண்ட்’ கணக்கு

இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில், டைன் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு பழைய தெரு இருக்கிறது. அதன் பெயரே ‘சைடு’தான். 1977-ல் அந்தத் தெருவில் ஒரு புகைப்பட கேலரியைத் திறந்தார்கள். தெருவின் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள்: சைடு கேலரி. நடத்தியது ‘ஆம்பர்’ என்ற குழு. சினிமாவும் புகைப்படமும் எடுக்கும் சில இளைஞர்கள் 1960-களின் கடைசியில் சேர்ந்து ஆரம்பித்தது அது.

அவர்கள் படமெடுத்தது பெரிய மனிதர்களை அல்ல. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்பவர்கள், கப்பல் கட்டும் தளத்துத் தொழிலாளர்கள், அவர்களுடைய குடும்பங்கள். ஃபின்லாந்திலிருந்து வந்த சிர்க்கா-லீசா கொன்டினன், பைக்கர் என்ற தொழிலாளர் குடியிருப்பிலேயே வீடெடுத்துத் தங்கி, அக்கம்பக்கத்து மனிதர்களை ஆண்டுக்கணக்கில் படமெடுத்தார். பிறகு அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. அவர் இருந்த வீடும் அதில் போனது. சென்னையில் ஒரு குப்பத்தை மொத்தமாகக் காலி செய்து கண்ணகி நகருக்கு அனுப்பினார்களே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். பைக்கரின் பழைய முகம் இன்று அந்தப் படங்களில்தான் இருக்கிறது.

2011-ல் யுனெஸ்கோவின் ‘உலக நினைவு’ திட்டத்தின் பிரிட்டன் பதிவேட்டில் ஆம்பர்சைடு தொகுப்பு இடம்பிடித்தது. ஒரு சின்ன கேலரிக்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் கிடைக்குமா?

2023 ஏப்ரலில் அந்த கேலரி மூடப்பட்டது.

தீ விபத்து இல்லை, வழக்கு வம்பு இல்லை. இங்கிலாந்தின் கலை மன்றமான ஆர்ட்ஸ் கவுன்சில், தான் தொடர்ந்து நிதி தரும் அமைப்புகளின் புதிய பட்டியலை 2022 நவம்பரில் வெளியிட்டது. சைடு கேலரியின் பெயர் அதில் இல்லை. அதே நேரத்தில்தான் பிரிட்டன் முழுக்க மின்சார, எரிவாயு பில்கள் எகிறிக்கொண்டிருந்தன. இரண்டும் சேர்ந்தன. கதை முடிந்தது.

படங்களின் மதிப்பில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் படங்கள் மாட்டியிருந்த சுவருக்கு வாடகையும், அதன் மேல் எரிந்த விளக்குக்கு கரன்ட் பில்லும் யார் கட்டுவது? லாப நோக்கமில்லாத ஒரு புகைப்பட மையத்தைப் பொறுத்தவரை உயிர் போகிற கேள்வி இதுதான்.

கிராண்ட்னா சும்மா கொடுக்கிற காசா?

நம்மில் பலர் கிராண்ட் என்றால் நன்கொடை என்று நினைக்கிறோம். கோயில் உண்டியலில் போட்டுவிட்டு வந்துவிடுகிறோமே, அது நன்கொடை. அந்தக் காசில் விளக்குக்கு எண்ணெய் வாங்கினார்களா, கோபுரத்துக்கு வெள்ளையடித்தார்களா என்று நாம் கேட்பதில்லை.

கிராண்ட் அப்படி இல்லை. அது ஒரு ஒப்பந்தம். ‘இந்த வேலையை, இந்தத் தேதிக்குள், இந்த பட்ஜெட்டில் செய்கிறோம்’ என்று மையம் எழுதிக்கொடுக்கும். ‘சரி, செய்யுங்கள்’ என்று அறக்கட்டளை தவணை தவணையாகப் பணம் தரும். நடுவில் ஒரு அறிக்கை, கடைசியில் ஒரு அறிக்கை, ஆடிட்டர் கையெழுத்து போட்ட செலவுக் கணக்கு. கண்காட்சிக்கு என்று வாங்கிய பணத்தில் ஏசி ரிப்பேர் செய்ய முடியாது. அந்த ஏசி ஓடாமல் அந்தக் கண்காட்சியே நடக்காது என்றாலும்!

ஆங்கிலத்தில் ‘ரெஸ்ட்ரிக்டட்’, ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று இரண்டு வார்த்தை சொல்வார்கள். முதலாவது, இன்ன வேலைக்கு மட்டும் என்று கட்டிப்போட்ட பணம். இரண்டாவது, உங்களுக்கு எது தேவையோ அதற்குச் செலவு செய்துகொள்ளுங்கள் என்று அவிழ்த்துவிட்ட பணம். முதல் வகை ஓரளவு கிடைக்கும். இரண்டாவது வகை குதிரைக் கொம்பு.

அமெரிக்காவில் மட்டும் எப்படி இத்தனை அறக்கட்டளைகள்?

அங்கே அறக்கட்டளைகள் கொடுப்பது மனசு இருப்பதால் மட்டுமல்ல, சட்டம் இருப்பதாலும்தான். பணக்காரர்கள் வரி கட்டாமல் தப்பிக்க அறக்கட்டளையில் காசைப் பூட்டி வைக்கிறார்கள் என்ற புகார் வலுத்தபோது, 1969-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு வரிச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதன் வழியாக வந்த விதி இன்று இப்படி இருக்கிறது: தனியார் அறக்கட்டளை ஒன்று தன் முதலீட்டுச் சொத்தில் சுமார் 5 சதவிகிதத்தை ஆண்டுதோறும் அறப்பணிக்குச் செலவிட்டே ஆக வேண்டும். 100 கோடி வைத்திருந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 கோடி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிராண்ட் கொடுப்பதற்காக அறக்கட்டளைக்கு ஆகும் நியாயமான நிர்வாகச் செலவையும் அந்த 5 சதவிகிதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அதாவது, கொடுக்கிறவரின் ஆபீஸ் செலவு அறப்பணி. வாங்குகிறவரின் ஆபீஸ் செலவு? அதுதான் வீண் செலவு என்று பார்க்கப்படுகிறது.

அமெரிக்காவின் புகைப்பட மையங்கள் பல 1970-களில் முளைத்தவை. சைராக்யூஸில் லைட் வொர்க் 1973-ல், நியூயார்க்கில் கார்னெல் கேப்பா தொடங்கிய இன்டர்நேஷனல் சென்டர் ஆஃப் போட்டோகிராபி 1974-ல், அதே ஆண்டு பிராங்ஸ் பகுதியில் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளிப் புகைப்படக்காரர்கள் தொடங்கிய என் ஃபோகோ, 1977-ல் வுட்ஸ்டாக் மையம். தேசியக் கலை நிதியம் என்ற அரசு அமைப்பு அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. புகைப்படத்தையும் கலை என்று மதித்து நிதி கொடுத்தது.

அப்புறம் அரசியல் புகுந்தது. ராபர்ட் மேப்பிள்தார்ப் எடுத்த படங்களின் கண்காட்சியை வைத்து 1989-ல் பெரிய ரகளை. மக்கள் வரிப்பணத்தில் ஆபாசமா என்று கேட்டார்கள். அந்தச் சூடு அடங்கவே இல்லை. 1995-ல் சுமார் 16.2 கோடி டாலராக இருந்த நிதியத்தின் பட்ஜெட், அடுத்த ஆண்டே 9.95 கோடியாக வெட்டப்பட்டது. அரசு பின்வாங்கப் பின்வாங்க, தனியார் அறக்கட்டளைகளின் வாசலில் வரிசை நீண்டது. 2025-லும் இதே படம்தான் ஓடியது. நிதியம் தன் சிறு மானியத் திட்டம் ஒன்றைக் கைவிட்டது. அதில் பணம் வர வேண்டியிருந்த 80 காட்சிக்கலை அமைப்புகளுக்கு, ஆண்டி வார்ஹால் அறக்கட்டளையும் ஹெலன் ஃபிராங்கெந்தாலர் அறக்கட்டளையும் சேர்ந்து தலா 10,000 டாலர் கொடுத்தன. அரசு கைவிட்ட செக்கை அறக்கட்டளை எழுதியது. ஒரு முறை. அடுத்த ஆண்டும் எழுத வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஒரு மாசம் தங்கு, படம் எடு, போ!

லைட் வொர்க் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 50 ஆண்டுகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும் இடம் அது. எப்படி ஓடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அவர்களுடைய முக்கியமான வேலை, ஆண்டுக்கு ஒரு டஜன் போல புகைப்படக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாதம் தங்க வீடு, எந்நேரமும் திறந்திருக்கும் டார்க்ரூம், டிஜிட்டல் லேப் வசதி, கைச்செலவுக்கு 5,000 டாலர் கொடுத்து, ‘உங்கள் வேலையை நீங்கள் பாருங்கள்’ என்று விட்டுவிடுவது. கண்காட்சி வைக்க வேண்டும், வகுப்பு எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் கிடையாது. சொல்லப்போனால், கலைஞருக்கு அவர்கள் கொடுப்பதே ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ கிராண்ட்தான். 1976-லிருந்து 400 பேருக்கு மேல் இப்படி வந்து போயிருக்கிறார்கள். சிண்டி ஷெர்மன் 1981-ல் வந்தார். அதே ஆண்டு அவர் எடுத்த ஒரு படம், 30 ஆண்டு கழித்து ஏலத்தில் 38.9 லட்சம் டாலருக்குப் போனது. கேரி மே வீம்ஸ், டவுட் பே போன்றவர்களும் உலகம் முழுக்கத் தெரிவதற்கு முன்பே இங்கே வந்து தங்கியவர்கள்.

சரி, இதற்கெல்லாம் காசு?

முதல் விஷயம், இடம். லைட் வொர்க் இருப்பது சைராக்யூஸ் பல்கலைக்கழக வளாகத்துக்குள். தெருவில் தனியாக ஒரு கட்டடம் பிடித்து வாடகை கொடுக்கும் தலைவலி அதற்கு இல்லை. அது இருக்கும் கட்டடப் பகுதிக்கே ராபர்ட் மென்ஷெல் பெயர்தான். அங்கே படித்து வால் ஸ்ட்ரீட்டில் சம்பாதித்தவர். புகைப்படப் பைத்தியம். இரண்டாவது, அரசு நிதியும் அறக்கட்டளை நிதியும்: நியூயார்க் மாநிலக் கலை மன்றம், தேசியக் கலை நிதியம், வார்ஹால் அறக்கட்டளை, ஜாய் ஆஃப் கிவிங் சம்திங் என்ற அறக்கட்டளை என்று கலவையாக வருகிறது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. லைட் வொர்க் ஒரு இதழ் நடத்துகிறது. கையெழுத்திட்ட பிரின்ட்டுகளையும் விற்கிறது. கலைஞர்கள் பிரின்ட் கொடுத்து உதவுகிறார்கள், ரசிகர்கள் சந்தா கட்டி வாங்குகிறார்கள். லேபுக்கு உறுப்பினர் கட்டணம் தனி. இந்தக் காசுக்கு யாரிடமும் அறிக்கை எழுத வேண்டியதில்லை. ஸ்கேனர் பல்பு போனால் இதிலிருந்து எடுத்து மாற்றிவிடலாம்.

லண்டனின் போட்டோகிராபர்ஸ் கேலரியிலும் இதே உத்திதான். 1971-ல் சூ டேவிஸ், ஒரு பழைய டீக்கடைக் கட்டடத்தில் அதைத் தொடங்கினார். இன்று அங்கே அரசு நிதியோடு கூடவே பிரின்ட் விற்பனை, புத்தகக் கடை, கஃபே எல்லாம் உண்டு. விற்பனையில் வரும் லாபம் பொது நிகழ்ச்சிகளுக்குப் போகிறது.

ராயப்பேட்டையில் ஒரு மையம்: கணக்கு போட்டுப் பார்ப்போமா?

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நீங்களும் நண்பர்களும் சேர்ந்து ராயப்பேட்டையில் ஒரு புகைப்பட மையம் ஆரம்பிக்கிறீர்கள். மாத வாடகை 80,000. இரண்டு பேருக்குச் சம்பளம் 70,000. கரன்ட் 25,000. இன்டர்நெட், ஹார்ட் டிஸ்க், சில்லறைச் செலவு 10,000. மொத்தம் மாதம் 1,85,000 ரூபாய். ஆண்டுக்கு 22 லட்சத்து 20 ஆயிரம். ஒரு கண்காட்சிகூட இன்னும் வைக்கவில்லை, கவனிக்க.

இப்போது ஒரு அறக்கட்டளை உங்களுக்கு 10 லட்சம் தருகிறது. கண்காட்சி நடத்த. அதில் 10 சதவிகிதம் மட்டும் நிர்வாகச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஒரு லட்சம் ரூபாய். உங்கள் மையம் ஓட அது எத்தனை நாளுக்கு வரும்? 16 நாள்.

ஆண்டு முழுக்க இப்படியே ஓட்ட வேண்டுமானால் 22 கிராண்ட் வாங்கி 22 கண்காட்சி வைக்க வேண்டும். 16 நாளுக்கு ஒன்று. அவ்வளவு வேலையை இரண்டு பேர் செய்ய முடியாது, ஆள் சேர்க்க வேண்டும். ஆள் சேர்த்தால் சம்பளச் செலவு ஏறும். அதற்கு இன்னும் ரெண்டு கிராண்ட் வாங்க வேண்டும். புலி வாலைப் பிடித்த கதை.

தொண்டு நிறுவனங்கள் இப்படி மெல்ல மெல்லப் பட்டினியில் விழுவதைப் பற்றி அமெரிக்காவில் 2009-ல் ஒரு கட்டுரை வந்து பரவலாகப் பேசப்பட்டது. நிதி கொடுப்பவர்கள் நிர்வாகச் செலவு குறைவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். வாங்குபவர்கள் அதற்குப் பயந்து உண்மையான செலவைக் குறைத்துக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்து, ஓ, இவ்வளவு குறைவாகவும் முடியும்போல என்று எதிர்பார்ப்பு இன்னும் கீழே இறங்குகிறது. ஃபோர்டு அறக்கட்டளை 2015-ல் இதைப் புரிந்துகொண்டு, நிர்வாகச் செலவுக்கான பங்கை 10-லிருந்து 20 சதவிகிதமாக உயர்த்துவதாக அறிவித்தது. அமேசான் நிறுவனரின் முன்னாள் மனைவி மெக்கன்ஸி ஸ்காட் ஒரு படி மேலே போனார். 2021 ஜூனில் 286 அமைப்புகளுக்கு 270 கோடி டாலர்வரை கொடுத்துவிட்டு, எதற்குச் செலவிடுவது என்பதை அவர்களிடமே விட்டுவிட்டார். கலை அமைப்புகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆனால் எல்லாரும் மெக்கன்ஸி ஸ்காட் இல்லையே!

இதில் புகைப்பட மையத்துக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு பள்ளிக்கூடத் திட்டத்தில், புத்தகம் வாங்குவது வேலை, ஆபீஸ் வாடகை நிர்வாகச் செலவு என்று ஓரளவு பிரித்துவிடலாம். புகைப்பட மையத்தில் சுவர்தான் வேலை. ஏசிதான் வேலை. பழைய பிரின்ட்டுகளும் நெகட்டிவ்களும் கெடாமல் இருக்க, ஈரப்பதம் 30-லிருந்து 50 சதவிகிதத்துக்குள் நிற்க வேண்டும். சென்னையின் கடற்கரைக் காற்றில் அது தானாக நிற்காது. பீரோவில் வைத்த கல்யாண ஆல்பத்தில் பூஞ்சை பூத்ததை நம் வீடுகளிலேயே பார்த்திருப்போம். பழைய அசிடேட் ஃபிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைய ஆரம்பித்தால் வினிகர் வாடை அடிக்கும். அந்த வாடை வந்துவிட்டால் பின்னால் போக வழி கிடையாது. ஆக, கரன்ட் பில் என்பது இங்கே ‘ஆபீஸ் செலவு’ இல்லை. பாதுகாப்பு வேலையே அதுதான்.

இந்தக் காசு யாருடைய காசு?

கொடுப்பவர் யார் என்று பார்ப்பதும் சுவாரசியமான வேலை. சில சமயம் நெருடலான வேலையும்கூட.

நீங்கள் குடிக்கும் ஜூஸ் வரும் டெட்ரா பேக் டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனத்தை உருவாக்கிய ரௌசிங் குடும்பத்தின் பேத்தி லிஸ்பெட் ரௌசிங், தன் கணவருடன் சேர்ந்து நடத்துவது ஆர்கேடியா என்ற நிதியம். அந்த நிதியில்தான் 2004-ல் பிரிட்டிஷ் நூலகம், அழியும் நிலையில் உள்ள ஆவணங்களைக் காப்பாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் திட்டத்தின் கிராண்ட் புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கும் வந்தது. எதற்கு? தமிழ்நாட்டின் பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் எடுத்த குடும்பப் படங்களைத் தேடி ஸ்கேன் செய்து சேமிக்க. பட்டுப்புடவையும் வரைந்த பின்னணித் திரையும், விறைப்பாக உட்கார்ந்த தாத்தாவும். ஸ்வீடன் பால் டப்பா வியாபாரத்தில் வந்த காசு அவர்களை வந்து காப்பாற்றியிருக்கிறது!

வார்ஹால் அறக்கட்டளையின் கதை வேறு மாதிரி. ஓவியர் ஆண்டி வார்ஹால் 1987-ல் இறந்தபோது, சொத்தில் பெரும்பகுதியை அறக்கட்டளைக்கு எழுதி வைத்திருந்தார். அவருடைய படைப்புகளை விற்றும் உரிமம் கொடுத்தும் வரும் பணம் நாடு முழுக்கக் கலை அமைப்புகளுக்குப் போகிறது, புகைப்பட மையங்களுக்கும்தான். ஆனால் அதே அறக்கட்டளை ஒரு புகைப்படக்காரரோடு உச்ச நீதிமன்றம்வரை மல்லுக்கட்டியது. லின் கோல்ட்ஸ்மித் 1981-ல் பாடகர் பிரின்ஸைப் படமெடுத்தார். அதை ஒரே ஒரு முறை பயன்படுத்திக்கொள்ள 1984-ல் ஒரு பத்திரிகை 400 டாலர் கொடுத்தது. அந்தப் படத்தை வைத்து வார்ஹால் ஓவியம் செய்தார், ஒன்றல்ல, ஒரு வரிசையே. 2016-ல் பிரின்ஸ் இறந்ததும் அதில் இன்னொன்றை அட்டையில் போட்ட பத்திரிகை நிறுவனம், அறக்கட்டளைக்கு 10,250 டாலர் கொடுத்தது. கோல்ட்ஸ்மித்துக்கு ஒரு பைசா வரவில்லை. 2023 மே மாதம் 7-க்கு 2 என்ற கணக்கில் கோல்ட்ஸ்மித் பக்கம் தீர்ப்பு வந்தது. புகைப்படக்காரர்களுக்கு உதவும் கை, ஒரு புகைப்படக்காரரின் பாக்கெட் பக்கமும் போயிருந்தது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

வந்த காசை வேண்டாம் என்று சொன்ன கதையும் உண்டு. நான் கோல்டின் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர், வலி நிவாரணிக்காகச் சாப்பிட ஆரம்பித்த ஆக்ஸிகான்டின் மாத்திரைக்கு அடிமையாகி மீண்டவர். அதைத் தயாரித்த பர்டியூ ஃபார்மா, சாக்லர் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் எல்லாம் அந்தக் குடும்பத்தின் பெயர் பொறித்த அரங்குகள் இருந்தன. லண்டனின் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரிக்கு சாக்லர் அறக்கட்டளை 10 லட்சம் பவுண்டு தருவதாக இருந்தது. ‘அந்தக் காசை வாங்கினால் என் கண்காட்சி உங்களிடம் நடக்காது’ என்றார் கோல்டின். 2019 மார்ச்சில் அந்த கிராண்ட் கைவிடப்பட்டது. பெரிய இடம், தாங்கிக்கொண்டது. ராயப்பேட்டை மையத்துக்கு இப்படி ஒரு செக் வந்தால் திருப்பி அனுப்பும் தெம்பு இருக்குமா? 16 நாளுக்கு மட்டும் காசு கையில் இருப்பவருக்குக் கொள்கை பேசுவது ரொம்பக் கஷ்டம்.

நம்ம ஊர்ல என்ன நிலைமை?

சென்னைக்கு ‘சென்னை போட்டோ பியனாலே’ இருக்கிறது. 2016-ல் முதல் பதிப்பு. நான்காவது பதிப்பு 2024 டிசம்பரில் தொடங்கி 2025 மார்ச்வரை நடந்தது. ரயில் நிலையத்தில் படம் மாட்டினார்கள், கேலரிப் பக்கம் எட்டிப்பார்க்காதவர்களும் பார்த்தார்கள். ஜெர்மனியின் கோத்தே இன்ஸ்டிடியூட் ஆரம்பத்திலிருந்தே கைகொடுத்தது. பெங்களூரில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1993-ல் உருவானது. கலைக்கென்றே கிராண்ட் கொடுக்கும் சுயேச்சையான இந்திய அமைப்பு. இப்படி விரல்விட்டு எண்ணலாம்.

காசு வரும் வழிகள் இரண்டு பெரியவை. இரண்டிலும் ஒரு முடிச்சு இருக்கிறது.

வெளிநாட்டு அறக்கட்டளையிடம் வாங்க எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும். டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் கணக்கு வேண்டும். 2020 செப்டம்பரில் வந்த திருத்தம், இந்தப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவிகிதத்திலிருந்து 20 சதவிகிதமாகக் குறைத்தது. விதிகளில் நிர்வாகச் செலவு என்று எதையெல்லாம் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தால் வாடகை, மின்சாரம், தண்ணீர், போன், கட்டட ரிப்பேர் எல்லாம் இருக்கும். அதே திருத்தம், ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதையும் தடை செய்தது. பெரிய அமைப்பு வாங்கி, விழுப்புரத்திலோ தூத்துக்குடியிலோ இருக்கும் சின்ன போட்டோ கிளப்புக்குக் கொடுக்கும் பாதை அதோடு அடைபட்டது. வெளிநாட்டுப் பணத்தைக் கண்காணிக்க வேண்டும் என்ற அரசின் வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கண்காணிப்பது வேறு, வாடகை கட்டாதே என்பது வேறு.

இன்னொரு வழி சிஎஸ்ஆர். ஆபீஸில் சனிக்கிழமை மரம் நடக் கூப்பிடுகிறார்களே, அதற்குப் பின்னால் இருக்கும் சட்டம். 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம், இந்த மூன்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, கடந்த மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற பட்டியலில் கலை, பண்பாடு இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவைப் படித்தால் பாரம்பரியக் கட்டடங்கள், நூலகங்கள், மரபுக் கலைகள், கைவினை என்றே போகிறது. கேமரா எங்கே என்று தேட வேண்டியிருக்கும். கம்பெனிகளும் கல்வி, சுகாதாரம் பக்கமே அதிகம் போகின்றன. அதனால்தான் நம் ஊரில் புகைப்பட அமைப்புகள் பள்ளி மாணவர்களுக்கான பயிற்சி என்ற வாசல் வழியாக உள்ளே வரப் பார்க்கின்றன. அது நல்ல வேலைதான், சந்தேகமே இல்லை. ஆனால் கலைக்காகக் கலைக்குக் காசு கேட்க முடியாத நிலை அது.

முக்கியமான முடிச்சு இன்னொன்று. ராயப்பேட்டை மையத்தின் 22 லட்சத்து 20 ஆயிரம் செலவு ஆண்டுதோறும் தானாக வர வேண்டுமானால், 5 சதவிகிதக் கணக்கில் 4 கோடியே 44 லட்சம் ரூபாய் மூலநிதி வேண்டும். அந்த மூலநிதிக்கு ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் பணம் கொடுக்கலாமா? முடியாது. 2021 ஜனவரியிலிருந்து, ஒரு அமைப்பின் மூலநிதிக்குக் கொடுப்பது சிஎஸ்ஆர் செலவாகக் கணக்கில் வராது. திட்டமாகத்தான் செலவிட வேண்டும், அதுவும் தொடர் திட்டம் என்றால் தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டுக்குள். பணத்தை வாங்கி வங்கியில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்ற பயம் புரிகிறது. ஆனால் அமெரிக்க மையங்கள் பலவற்றுக்குக் கைகொடுப்பதே இந்த மூலநிதிதான். பெங்களூரில் 2023-ல் கதவு திறந்த மியூசியம் ஆஃப் ஆர்ட் அண்ட் போட்டோகிராபியை ஒரு தொழிலதிபர் தன் சொந்தச் சேகரிப்பிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அப்படி ஒருவர் எல்லா ஊரிலும் கிடைப்பாரா?

நான் 500 ரூபாய் கொடுத்தா என்ன ஆகும்?

நிறையவே ஆகும். சின்னத் தொகைதான், ஆனால் அது அவிழ்த்துவிட்ட காசு. ராயப்பேட்டை மையத்துக்கு மாதம் 500 ரூபாய் கட்டும் உறுப்பினர்கள் 160 பேர் சேர்ந்தால் வாடகை 80,000 முடிந்தது. எந்த அறக்கட்டளையும் தராத 80,000.

சில நடைமுறை விஷயங்கள். 80ஜி ரசீது தரும் அமைப்புக்குக் கொடுத்தால் வரிச் சலுகை உண்டு என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். நீங்கள் புதிய வரி முறைக்கு மாறியிருந்தால் அந்த ரசீதால் வரி குறையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் சலுகை இல்லை, ஜிபே-யிலோ வங்கி வழியாகவோ அனுப்புங்கள். உங்கள் கம்பெனியில் ஊழியர் கொடுக்கும் தொகைக்குச் சமமாக நிறுவனமும் போடும் திட்டம் இருக்கிறதா என்று எச்ஆரிடம் ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். இருந்தும் கேட்காமல் விடுபவர்கள் நிறைய பேர்.

ஆன்லைனில் கட்டும்போது ‘எந்தத் திட்டத்துக்கு?’ என்று ஒரு பெட்டி வரும். குழந்தைகள் பயிற்சி, கண்காட்சி, புத்தக வெளியீடு என்று அழகான பெயர்கள் இருக்கும். கடைசியில், கண்ணில் படாத மாதிரி, ‘பொது நிதி’ என்று ஒன்று இருக்கும். வாடகையும் கரன்ட் பில்லும் அதிலிருந்துதான் போகிறது.